கார்த்திகையில் தீவுக்குப் போறவை கடல் அறிக்கையைப் பாருங்கோ

2024 கார்த்திகையில் ஒரு இரவு தங்கிவிட்டு வருவோம் என்று, யாழ்ப்பாணத்துக்கு அப்பால் கடலில் இருக்கிற நெடுந்தீவுக்குப் போட்டில் போனேன். பெங்கல் புயல் புதுச்சேரிப் பக்கம் கரையேறி, அதற்குப் பிறகு கடலும் அடங்கிய பின்தான் இக்கரையில் போட் வந்து சேருகிற குறிகட்டுவான் துறையில் திரும்பக் கால் வைத்தேன். இடையில் கொழும்பில் இருந்த விசா அலுவல் போனது, நத்தாருக்குத் தைக்க எடுத்த ஓடர்கள் போனது. கூட்டிப் பார்த்தால் 60,000 ரூபாய்க்கு மேல் கைவிட்டுப் போயிற்று. இத்தனைக்கும் அந்தப் புயல் எங்களுக்கு மேலால் போகவே இல்லை. திருகோணமலைக்கு அப்பால் கடலில் நின்றுகொண்டே எங்கள் போட்டை நிறுத்தி வைத்திருந்தது. போக முதல் யாராவது ஒருவர் நாலு விசயம் சொல்லியிருந்தால் நான் அந்தக் கிழமை அங்கே போயிருக்கவே மாட்டேன். அப்படியான விசயங்களைத்தான் இப்போது எழுதுகிறேன்.

முதலில் ஏன் போனேன் என்பது. மகள் ரொறன்ரோவில் இருக்கிறாள், தை மாதம் பிள்ளைப்பேறு. பிள்ளைப் பராமரிப்புக்குப் போக நான் விசாவுக்குப் போட்டு, கைரேகை கொடுக்கச் சொல்லிக் கடிதமும் வந்துவிட்டது. கடிதம் வந்து 30 நாளுக்குள் கொடுக்க வேண்டும். கொழும்பில் நவம்பர் 28, வியாழக்கிழமை காலைக்கு நேரம் கிடைத்தது. போனால் ஆறு மாதம் அங்கே நிற்க வேண்டி வரும். அதற்கு முதல் நெடுந்தீவில் தனியே இருக்கிற பெரியம்மாவுக்கு ஒரு ஒழுங்கு செய்ய வேண்டும். எண்பதைத் தாண்டிய மனிசி. யாழ்ப்பாணத்துக்கு வா என்றால் வரமாட்டா. வீட்டுக் கூரையில் ஒழுக்கு இருந்தது, அதற்குத் தறப்பாள் வாங்கிக்கொண்டு, ஒத்தாசைக்கு ஒரு பிள்ளையையும் பேசி விட்டு வருவோம் என்று திங்கட்கிழமை காலை வெளிக்கிட்டேன். செவ்வாய் திரும்பி, புதன் இரவு கொழும்பு பஸ் ஏறுவது என்பது திட்டம். பஸ்சுக்கு சீற்றும் போட்டாயிற்று.

காலநிலை அறிக்கை பார்க்காமல் நான் போகவில்லை. இதை அழுத்திச் சொல்கிறேன், ஏனென்றால் திரும்பி வந்த பிறகு ஊரில் கேட்ட ஒவ்வொருவரும் “ஏன், நியூஸ் பார்க்கேல்லையோ?” என்றுதான் கேட்டார்கள். பார்த்தேன். வடக்கு, கிழக்கில் மழை கூடும் என்று சொன்னார்கள். கார்த்திகையில் யாழ்ப்பாணத்தில் மழை கூடும் என்பது ஒரு செய்தியா? எங்களுக்கு ஆண்டு மழையில் பெரும்பங்கு ஐப்பசி, கார்த்திகை, மார்கழியில்தான் வருகிறது. நான் குடையும் மழைக்கோட்டும் எடுத்து வைத்தேன். அறிக்கையின் கடைசியில் கடற்பிராந்தியம், காற்றின் வேகம் என்று ஒரு பகுதி வாசித்தார்கள். அது “மீனவர்களும் கடல்சார் ஊழியர்களும்” என்று தொடங்கும். சின்ன வயதிலிருந்து அந்த வசனம் தொடங்கியதும் ரேடியோவின் சத்தத்தைக் குறைத்து வளர்ந்த ஆட்கள் நாங்கள். போட்டில் போகிற பயணிக்கென்று அதில் ஒரு சொல்லும் கிடையாது. ஆனால் நெடுந்தீவுப் பயணியின் தலைவிதி அந்தப் பகுதியில்தான் இருக்கிறது.

வளிமண்டலவியல் திணைக்களம் நிலத்துக்கு ஒரு அறிக்கை, கடலுக்கு இன்னொரு அறிக்கை என்று இரண்டாகத்தான் விடுகிறது. நிலத்து அறிக்கையில் மழை எத்தனை மில்லிமீற்றர், எந்த மாகாணம் என்று இருக்கும். கடல் அறிக்கை கரையோரத்தைத் துண்டு துண்டாகப் பிரித்துச் சொல்லும். நீங்கள் தேட வேண்டியது “காங்கேசன்துறை, மன்னார் ஊடாகப் புத்தளம் வரை” என்ற மாதிரி வருகிற துண்டு. நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவு, எழுவைதீவு எல்லாம் அந்தத் துண்டுக்குள்தான் கிடக்கின்றன. அதில் மூன்று விசயம் சொல்வார்கள்: காற்று எந்தத் திசை, வழமையான வேகம் எவ்வளவு, இடைக்கிடை எவ்வளவுக்குக் கூடும். மூன்றாவது இலக்கம்தான் முக்கியம். மணிக்கு 30 – 40 கிலோமீற்றர் என்று முதலில் சொல்லிவிட்டு இடைக்கிடை 60 வரை என்று முடித்தால், 60 என்றே எடுங்கள். வேகம் 40இலிருந்து 60 ஆனால் ஒன்றரை மடங்குதானே என்று தோன்றும். காற்றுத் தள்ளுகிற விசை வேகத்தின் வர்க்கத்தோடு கூடுவதால், அது இரண்டு மடங்கையும் தாண்டிவிடும்.

திங்கள் காலைப் பயணத்திலேயே போட் நன்றாக ஆடியது. வழமையாக ஒரு மணித்தியாலம் மட்டில் போகிற ஓட்டம், அன்றைக்குக் கூடவே எடுத்தது. பக்கத்தில் இருந்த அம்மா ஒருவர் பிளாஸ்ரிக் பையை வாயில் பிடித்தபடியே வந்தா. பாக்கு நீரிணை ஆழம் குறைந்த கடல். ஆழக் கடலில் அலை நீளமாக வந்து தூக்கி இறக்கும், இங்கே குட்டையாக, நெருக்கமாக, குத்துக்குத்தென்று அடிக்கும். நெடுந்தீவின் மாவிலித்துறை இறங்குதுறையும் வடக்குப் பக்கக் கரையில் இருப்பதால் வடக்கிலிருந்து வருகிற வாடைக்காற்று நேரே முகத்தில் வந்து விழும். கட்டுகிற நேரம் போட் துறையோடு மோதி மோதி எழும்புகிறது. தெற்குப் பக்கக் காற்றான சோளகத்தில் ஓடுகிற போட் வாடையில் ஏன் நிற்கிறது என்று எனக்கு முந்தி விளங்காது. ஒருமுறை அந்தத் துறையில் இறங்கிப் பார்த்தால் விளங்கும்.

பெரியம்மா வாசலிலேயே நின்றா. தறப்பாளைக் கண்டு சந்தோசப்பட்டா, ஆனால் முதல் சொன்ன சொல் இதுதான்: “பிள்ளை, வாடை எழும்பீட்டுது. நாளைக்கு நீ போகமாட்டாய்.” நான் சிரித்தேன். அவ சிரிக்கவில்லை. இரவு படுத்திருக்கக் கல்வேலிக்கு மேலால் காற்று வந்து பனைகளைப் பிடித்து உலுக்குகிற சத்தம் கேட்டது. தறப்பாள் ஒரு மூலையில் கழன்று விடியும்வரை பட பட என்று அடித்தது. எனக்கு நித்திரை வரவில்லை. அப்போதும் நான் நினைத்தது கூரையைப் பற்றித்தான், போட்டைப் பற்றி இல்லை.

செவ்வாய் காலை துறைக்குப் போனால் போட் இல்லை. ஏழெட்டுப் பேர் மழைக்குள் நின்றார்கள். வேலைக்காரத் தம்பி ஒருவர் வந்து “இண்டைக்கு ஓட்டமில்லை அக்கா, பின்னேரம் பாப்பம்” என்றார். பின்னேரமும் இல்லை. வாடையில் காலைக் கடல் கொஞ்சம் தணிந்திருக்கும், பின்னேரம் காற்றுக் கூடும் என்று அங்குள்ளவர்களே சொல்வார்கள். ஆகவே காலை ஓடாத நாளில் பின்னேரம் பார்ப்போம் என்ற சொல் ஆறுதலுக்குச் சொல்வது. அதை நம்பி நாள் முழுக்கத் துறையில் நனையத் தேவையில்லை. நான் நனைந்தேன். கைபேசி நனைந்ததுதான் மிச்சம்.

பெரியம்மா இப்போது இரண்டாவது தீர்ப்புச் சொன்னா: “ரெண்டு நாளில விட்டிடும்.” எனக்குப் பெரிய ஆறுதலாக இருந்தது. முதல் தீர்ப்பு பலித்த ஆள் அல்லவா. வியாழன் காலை கொழும்பில் நிற்க முடியாது, ஆனால் வெள்ளிக்கு மாற்றித் தரச் சொல்லிக் கேட்கலாம் என்று மனதுக்குள் கணக்குப் போட்டேன். இந்த முறை பெரியம்மாவின் கணக்குப் பிழைத்தது. வழமையான வாடை வேறு, தாழமுக்கம் கொண்டுவருகிற வாடை வேறு. வழமையானது எழும்பும், அடங்கும். தாழமுக்கம் கடலில் ஓரிடத்தில் நின்றால் அது நிற்கிறவரை காற்றும் நிற்காது. வடக்கு அரைக்கோளத்தில் தாழமுக்கத்தைச் சுற்றிக் காற்று இடஞ்சுழியாகச் சுழலும். அது எங்களுக்குக் கிழக்கேயோ தென்கிழக்கேயோ கடலில் நின்றால் யாழ்ப்பாணத்துக்கு வடக்கு, வடகிழக்குக் காற்றுத்தான். அந்தக் கிழமை அது மிக மெதுவாக, இலங்கையின் கிழக்குக் கரையை உரசிக்கொண்டு, நகருகிறதா நிற்கிறதா என்று தெரியாமல் போனது.

அதனால் அறிக்கையில் “எப்போது வரும்” என்பதோடு நிற்காமல், “எப்போது போகும்” என்று தேடுங்கள். எல்லாரும் வருகிற நாளைத்தான் பார்க்கிறார்கள். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகப் புவியியல்துறையைச் சேர்ந்த நாகமுத்து பிரதீபராஜா எழுதுகிற தமிழ்ப் பதிவுகளை எங்கள் பக்கத்தில் கனபேர் பார்க்கிறார்கள். நானும் இப்போது பார்க்கிறேன், எங்கள் ஊர்ப் பெயர்களோடு எழுதுவதால் விளங்கும். கைபேசியில் விண்டி செயலி இருந்தால் நெடுந்தீவுக்கு மேல் விரலை வைத்து அடுத்த கிழமைக்கான காற்றைப் பார்க்கலாம். அதில் ஐரோப்பிய மாதிரி, அமெரிக்க மாதிரி என்று இரண்டையும் மாற்றி மாற்றிப் பார்க்கலாம். இரண்டும் ஒரே நாளில் காற்று அடங்கும் என்றால் நம்பலாம். ஒன்று வியாழன், மற்றது ஞாயிறு என்றால் ஞாயிறு என்றே வைத்துக்கொண்டு மிச்ச அலுவலை ஒழுங்கு செய்யுங்கள்.

பக்கத்து வளவில் உயர்தரம் எடுக்கிற பிள்ளை ஒன்று இருந்தது. சோதனை தொடங்கி இரண்டாம் நாள்தான். செவ்வாய் இரவு அந்தப் பிள்ளை கல்வேலிக்கு அங்கால் நின்று “அன்ரி, சோதினையை நிப்பாட்டியாச்சாம், மூண்டு நாளைக்கு” என்று கத்தினாள். நாடு முழுக்கச் சோதினையை நிறுத்துகிறார்கள் என்றால் இது சும்மா மழை இல்லை என்று அப்போதுதான் எனக்கு வயிற்றைக் கலக்கியது. உடனே கொழும்பில் விசா நேரம் தந்த இடத்துக்கு மின்னஞ்சல் போட இருந்தேன். சிக்னல் வந்து வந்து போனது. மகள்தான் அங்கிருந்து என் பெயரில் எழுதினாள். இங்கே ஒரு விசயம்: உங்கள் விண்ணப்ப இலக்கம், கடவுச்சீட்டு இலக்கம், நேரம் போட்ட பத்திரம் எல்லாவற்றையும் படமெடுத்து, வேறு ஊரில் இருக்கிற நம்பிக்கையான ஒருவரின் கைபேசியில் போட்டு வையுங்கள். அது மகளிடம் இருந்தபடியால்தான் அன்றிரவே எழுத முடிந்தது.

குளிசைதான் என்னைப் பயப்படுத்தியது. எனக்குச் சீனி வருத்தம், பிரசரும் உண்டு. ஒரு இரவுக்குப் போகிற ஆள் எடுத்துப் போகிற அளவுக்குத்தான் கையில் இருந்தது, புதன் காலையோடு முடிந்தது. பெரியம்மாவின் குளிசையை எடுத்துப் போடுவமா என்று ஒரு கணம் யோசித்தேன், அவவுக்கும் அதே வருத்தம். நல்லகாலம், போடவில்லை, அளவும் வகையும் வேறு. தீவில் அரச வைத்தியசாலை இருக்கிறது, மழைக்குள் நடந்தே போனேன். அங்கே இருந்த பிள்ளை “கிளினிக் கொப்பி இருக்கா அம்மா?” என்று கேட்டாள். கொப்பி யாழ்ப்பாணத்தில், வீட்டு அலுமாரிக்குள். கைபேசியில் தேடித் தேடி, முந்தி ஒருமுறை மருந்துக் கடைக்கு அனுப்பிய ஒரு பக்கத்தின் படம் கிடைத்தது. அதை வைத்து மெற்போமினும் பிரசர் குளிசையும் தந்தாள். அன்றைக்கு அந்தப் படம் இல்லாவிட்டால் என்ன செய்திருப்பேன் என்று இப்போதும் யோசிப்பேன். தீவுக்குப் போகிற ஆள் ஒரு இரவுக்குப் போனாலும் ஒரு கிழமைக் குளிசையோடு போகவேண்டும், கிளினிக் கொப்பியின் கடைசிப் பக்கம் கைபேசியில் இருக்க வேண்டும். அவசர நோயாளரைக் கடற்படைப் படகில் ஏற்றிக் குறிகட்டுவானுக்குக் கொண்டுபோகிற வழமை உண்டு. அது உயிர் போகிற அவசரத்துக்கு. விசா நேரம் போகிற அவசரத்துக்கு இல்லை, நான் கேட்டும் பார்த்தேன், கடற்படைத் தம்பி மரியாதையாகத் தலையாட்டிவிட்டுப் போனார்.

வியாழன் காலை ஒன்பது மணி. அந்த நேரத்தில் நான் கொழும்பில் வரிசையில் நின்றிருக்க வேண்டும். பெரியம்மாவின் குசினியில் குந்தி இருந்து முருங்கை இலை ஆய்ந்துகொண்டிருந்தேன். கடைகளில் மரக்கறி முடிந்துவிட்டது. எல்லாம் போட்டில் வருகிற சாமான்தானே. வெங்காயம் விலை ஏறி, பிறகு வெங்காயமே இல்லாமல் போயிற்று. ஒடியல்மாப் பிட்டும் கருவாடும் முருங்கை இலை வறையும் என்று நாள் போனது. நான் ஒன்றும் பேசாமல் இலை ஆய்ந்தேன், திடீரென்று அழுகை வந்துவிட்டது. கோபம்தான் கூட. யார் மீது என்று கேட்டால் சொல்லத் தெரியாது. காற்றின் மீது கோபப்பட்டு என்ன செய்வது? கடைசியில் பெரியம்மா மீது பாய்ந்தேன். “உங்களை யாழ்ப்பாணத்துக்கு வரச்சொல்லி எத்தினை தரம் கேட்டனான்” என்று கத்தினேன். அவ ஒன்றும் சொல்லாமல் தேத்தண்ணி வைத்தா. தனியே மாட்டிக்கொண்ட மனிசருக்கு இப்படி ஒரு நாள் வரும். பக்கத்தில் இருப்பவர் மீது பாய்வீர்கள். வந்தால் பிறகு மன்னிப்புக் கேளுங்கள், நான் கேட்டேன்.

அன்றைக்கு ஒரு பிரயோசனமான வேலையும் நடந்தது. பக்கத்து வளவுக்காரர்தான் யோசனை சொன்னார், விதானையாரிடம் ஒரு கடிதம் எடுங்கோ என்று. இந்தத் திகதியிலிருந்து கடல் கொந்தளிப்பால் போக்குவரத்து இல்லை, இன்னார் இங்கே தங்க நேர்ந்தது என்று கிராம அலுவலர் முத்திரையோடு எழுதித் தந்தார். அதைப் படமெடுத்து மகளுக்கு அனுப்ப, அவள் விசா அலுவலுக்கு எழுதிய மின்னஞ்சலோடு இணைத்தாள். வேலை செய்கிற இடத்தில் லீவு, சோதனை, நீதிமன்றத் தவணை, வங்கித் தவணை எதுவாக இருந்தாலும் இப்படி ஒரு கடிதம் கையில் இருப்பது நல்லது. திரும்பி வந்த பிறகு எடுப்பது கரைச்சல், அந்த இடத்தில் அந்த நேரத்திலேயே எடுத்துவிட வேண்டும்.

மகள் அங்கே வேறு கதை சொன்னாள். அதே கிழமைக் கடைசியில் ஒன்ராறியோவிலும் காற்றும் ஸ்நோவும். ரொறன்ரோவுக்கு வடக்கே கிரேவன்ஹர்ஸ்ட் பக்கம் ஒரு மீற்றருக்கு மேல் கொட்டி, 11ஆம் நெடுஞ்சாலையை மூடி, வாகனங்கள் மாட்டுப்பட்டு, அவசரநிலை அறிவித்திருந்தார்கள். ரொறன்ரோவில் இவள் இருக்கிற இடத்தில் பெரிதாக ஒன்றும் இல்லை. எப்படி என்று கேட்டேன். குளிர்க்காற்று இன்னும் சூடு ஆறாத ஏரித் தண்ணீருக்கு மேலால் வரும்போது ஈரத்தை அள்ளிக்கொண்டு வந்து, ஒடுக்கமான ஒரு பட்டையாக ஒரே இடத்தில் கொட்டுமாம். பட்டைக்குள் அகப்பட்ட ஊர் புதைந்துவிடும், பக்கத்து ஊரில் வெயிலும் எறிக்கலாம். “அம்மா, இங்க ஒன்ராறியோவுக்கு எண்டு சொல்லுறதை ஒருத்தரும் பாக்கிறேல்லை, போற றோட்டுக்கு என்ன எண்டுதான் பாக்கிறவை” என்றாள். எனக்கு அது மனதில் தைத்தது. வடமாகாணத்துக்கு மழை என்பது கொக்குவிலில் இருக்கிற என் வீட்டுக்குப் போதும். நான் போன வழி குறிகட்டுவானிலிருந்து மாவிலித்துறை வரை உள்ள கடல்.

வெள்ளிக்கிழமைதான் அதற்குப் பெங்கல் என்று பெயர் வந்தது. இதை நன்றாகக் கவனியுங்கள். செவ்வாய்க்கிழமையே போட் நின்றுவிட்டது. புயலுக்குப் பெயர் வந்தது வெள்ளி. வங்கக் கடலில் வருகிறதுக்கு இந்திய வானிலைத் துறைதான் பெயர் அறிவிக்கிறது. அவர்களின் கணக்கில் காற்று மணிக்கு 31 கிலோமீற்றரைத் தொட்டால் காற்றழுத்தத் தாழ்வு மண்டலம், 50ஐத் தொட்டால் ஆழ்ந்த தாழ்வு மண்டலம், 62ஐத் தொட்ட பிறகுதான் புயல், அப்போதுதான் பெயர். நாற்பதும் ஐம்பதுமாக அடிக்கிற காற்றுக்குப் பெயர் கிடையாது, ஆனால் சின்ன போட்டை மறிக்க அது தாராளம். “புயல் ஒண்டும் இல்லையாம், சும்மா தாழமுக்கமாம்” என்று யாராவது சொன்னால் அதை வைத்துப் பயணம் வெளிக்கிடாதீர்கள். என்னோடு துறையில் நின்ற ஒருவர் திங்களன்று அதைக் கேட்டுவிட்டுத்தான் வந்திருந்தார், பாவம், கலியாண வீட்டுக்கு.

வெள்ளிக்குப் பிறகு அது வடக்கே விலகத் தொடங்கியது. காற்றின் திசை திரும்புவதை அப்போது என் கண்ணாலேயே பார்த்தேன். தறப்பாளின் வடக்கு மூலை அடித்தது நின்று, மேற்குப் பக்க மூலை அடிக்கத் தொடங்கியது. பெரியம்மா “கச்சான் பக்கம் திரும்பீட்டுது, இனி விட்டிடும்” என்றா. இந்த முறை சரி. புயல் எங்களைக் கடந்து வடக்கே போனால் காற்று வடக்கிலிருந்து மேற்காகி, பிறகு தென்மேற்காகும். சனி இரவு அது புதுச்சேரிப் பக்கம் கரையேறியது. ஞாயிறு நெடுந்தீவில் வெயில். சனம் எல்லாம் சட்டையைக் காயப்போட்டது, மட்டக்குதிரைகள் வெளியில் வந்து மேய்ந்தன, நான் பையைக் கட்டிக்கொண்டு துறைக்கு ஓடினேன். போட் இல்லை. வானம் வெளித்தாலும் கடல் அன்றைக்கே அடங்காது. காற்று நின்ற பிறகும் அலை கிடந்து உருளும். கணக்குப் போடும்போது புயல் போன நாளுக்கு மேல் இன்னும் ஒன்றிரண்டு நாள் வைக்க வேண்டும். எனக்கு அந்தக் கடைசிக் காத்திருப்புத்தான் எல்லாவற்றிலும் கஷ்டமாக இருந்தது. மழைக்குள் காத்திருக்கலாம், வெயிலுக்குள் காத்திருக்க மனம் கேட்காது.

ஒருவழியாகக் குறிகட்டுவானில் இறங்கினால், போட்டுக்கு இருந்த நெருக்கம் பஸ்சுக்கும். சனம் முழுக்க ஒரே நாளில் இறங்குகிறது. நாங்கள் நாலு பேர் சேர்ந்து வான் பிடித்து யாழ்ப்பாணம் வந்தோம். வழி நெடுகப் புங்குடுதீவு, வேலணை வயல்களில் வெள்ளம் நின்றது.

செலவைச் சொல்கிறேன், ஏனென்றால் இதை யாரும் முதலில் யோசிப்பதில்லை. கொழும்பு பஸ் சீற் 3,000, வெள்ளவத்தையில் ஒரு அறைக்குக் கட்டிய முற்பணம் 5,000, இரண்டும் போனது. நத்தார் ஓடர்களில் பாதியை நேரத்துக்குக் கொடுக்க முடியாமல் முற்பணம் திருப்பிக் கொடுத்தது 22,000 வரை, அதைவிட வெட்டிவைத்த துணிக்கு நான் பொறுப்பு. புதிய விசா நேரம் மார்கழி நடுப்பகுதியில்தான் கிடைத்தது. அதற்குள் விமானக் கட்டணம் ஏறி, மகள் கூடக் கட்டியது 30,000க்குக் கிட்ட. வானுக்கும் தீவில் சாப்பாட்டுக்கும் போனது தனி. இதில் எதையும் பஸ்காரரிடமோ அறைக்காரரிடமோ வாங்க முடியவில்லை. காலநிலை உங்கள் பிரச்சினை என்றார்கள். முற்பணம் கட்டும்போதே “வராவிட்டால் என்ன செய்வீர்கள், திகதி மாற்றித் தருவீர்களா” என்று வட்ஸ்அப்பில் எழுத்தில் கேட்டு வையுங்கள். இரண்டாம் முறை நான் கேட்டேன், அந்த அறைக்காரர் மாற்றித் தர ஒத்துக்கொண்டார்.

ஐப்பசி கடைசியிலிருந்து தை வரை நெடுந்தீவுப் பயணத்துக்கும் கொழும்பில் தவறவிட முடியாத அலுவலுக்கும் இடையில் ஒரு முழுக் கிழமை விடுங்கள். அலுவலை முதலில் முடித்துவிட்டுத் தீவுக்குப் போவது இன்னும் நல்லது. கையில் காசு கூட வைத்திருங்கள், கரன்ரும் சிக்னலும் போனால் அட்டைக்கு வேலை இல்லை. பவர் பாங்க் ஒன்று வேண்டும். அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் 117 இலக்கத்துக்கு எந்த நேரமும் எடுக்கலாம்.

போட் ஓடுமா என்று தெரிந்த ஆளிடம் விசாரிக்கும்போதும் கேட்கிற விதம் ஒன்று உண்டு. “நாளைக்கு போட் ஓடுமோ?” என்று கேட்டால் “ஓடும் ஓடும், வாங்கோ” என்றுதான் பதில் வரும், நல்ல மனதோடு சொல்வார்கள். “நேற்றுப் பின்னேர போட் வந்ததோ? எத்தினை மணிக்கு வந்தது? துறையில கட்டக் கஷ்டப்பட்டவையோ?” என்று கேளுங்கள். பின்னேர போட் பிந்தி வந்தது, கட்டப் பட்டபாடு போதும் என்று பதில் வந்தால், கடல் அறிக்கையிலும் காற்று ஏறுமுகம் என்றால், அந்தக் கிழமை பயணத்தை விட்டுவிடுங்கள். நான் பெரியம்மாவுக்குப் பேசிவிட்ட பிள்ளையிடம் இப்போது ஒவ்வொரு கார்த்திகையும் இந்தக் கேள்விகளைத்தான் கேட்கிறேன். அந்தப் பிள்ளைக்கு அலுத்துப்போய், நான் கேட்க முதலே போட் வந்த நேரத்தைக் குரல் பதிவில் அனுப்பிவிடுகிறாள்.